கஜந்தி மிஸ் எழுதிக் கொடுத்த துண்டு

தோப்பூர்ப் பக்கத்து ஒழுங்கைகளில் கஜந்தியின் ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் அவள் உட்காரக் கதிரை ஒன்று வாசலுக்கு வந்துவிடும். பதினேழு வருடமாக அந்தப் பிரிவுக்கு அவள்தான் குடும்பநல மாது. அரசாங்கக் கடிதங்களில் அந்த உத்தியோகத்துக்கு முழ நீளத்தில் வேறு பெயர் இருக்கிறது. சனம் அதை "மிஸ்" என்று சுருக்கி வைத்திருந்தது. எந்த வீட்டில் எத்தனையாம் மாதம், எந்தப் பிள்ளைக்கு நிறை குறைந்திருக்கிறது, எந்த மருமகள் மாமிக்குத் தெரியாமல் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரு வீட்டுக் கதையை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கம் அவளிடம் இல்லை. தம்பலகாமத்து வயற்காரர் வீட்டில் பிறந்த அந்தத் தமிழ்ப் பெண்ணை முஸ்லிம் வீடுகளின் குசினி வரைக்கும் விட்டது அதற்காகத்தான்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுடைய முகத்தில் கறுப்புப் படரத் தொடங்கியது. முதலில் மேலுதட்டுக்கு மேலே, துடைத்தால் போய்விடும் போல. பிறகு இரண்டு கன்னத்திலும், அதற்குப் பிறகு நெற்றியிலும். மங்கு என்பார்கள், டொக்டர்மார் மெலஸ்மா என்பார்கள். பிள்ளை தங்கினால் வரும், குளிசை பாவித்தால் வரும், வெயில் அதை வளர்க்கும் என்று பயிற்சிக் காலத்தில் பாடக் கொப்பியில் எழுதியவள்தான் கஜந்தி. காலை எட்டு மணியிலிருந்து வயல்வெளித் தெருவில் வெயில் குடிக்கிறவள், தாய்மாருக்குக் கொடுக்கும் அதே குளிசையை ஆறு வருடமாகத் தானும் விழுங்கி வந்தவள், தன் முகத்தை மட்டும் அந்தக் கொப்பியோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

தேசிக்காய்ப் புளி பூசினாள். பூசிய கையோடு வெயிலில் இறங்கியதில் கன்னம் வெந்து, கறுப்பு இன்னொரு பிடி கூடியது. மஞ்சள், பப்பாசி, தக்காளி என்று குசினியில் இருந்ததெல்லாம் முகத்துக்கு ஏறியது. கணவன் பிரகலாதன் துறைமுகத்தில் பண்டகசாலை எழுதுவினைஞன். சோற்றுக்கு உட்கார்ந்தால் அவளுடைய கன்னத்தைக் கடல் வரைபடம் மாதிரிப் பார்த்து, "இடப்பக்கம் உள்துறைமுகம், வலப்பக்கம் கொட்டியாரக்குடா. கப்பல் விடலாம்" என்பான். அவளும் சிரிப்பாள். அவன் சொன்னால் சிரிக்கலாம்.

சிரிக்க முடியாத கதை ஊருக்குள் கிளம்பியது. மிஸ்ஸுக்கு மூன்றாவது தங்கியிருக்கிறது, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லையா என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டில் மாங்காய்ச் சம்பல் கட்டிக் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் ஒரு கிழவி அவளைக் குறுக்காலும் நெடுக்காலும் பார்த்து, ஊருக்கெல்லாம் குளிசை கொடுக்கிறவ தனக்கு எடுக்க மறந்திட்டா போல என்று அவளுக்குக் கேட்கவே சொன்னாள். குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி அவள் வாய் திறந்தால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். மறுக்க மறுக்க மாதம்தான் கூடியது. அந்த வெட்கத்தில்தான் அவள் சந்தைப் பக்கத்தில் பவுடரும் கிறீமும் விற்கிற பான்ஸிக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அலியார், கண்ணாடி அலுமாரிக்கு அடியிலிருந்து சின்ன வெள்ளை டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். பெயரும் இல்லை, ஊரும் இல்லை, திகதியும் இல்லை. மூடியில் மஞ்சள் வட்டத்துக்குள் ஏழு என்ற இலக்கம் மட்டும். வெளிநாட்டுச் சாமான், கையால் கலந்தது, விளம்பரம் இல்லாததால்தான் விலை குறைவு என்றார். வேறு யாராவது ஒரு தாய் அப்படி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டியிருந்தால் கஜந்தி அதைப் பறித்துக் குப்பைக்குள் போட்டிருப்பாள். தன் பணப்பையைத் திறக்கும்போது அந்த எண்ணம் வராமலும் இல்லை. வந்தது, போனது.

ஐந்து கிழமையில், மாதம் ஒன்று கழிய, முகம் வெளுத்தது. வெளுத்தது மட்டுமில்லை, மினுங்கியது. ஊரார் கணக்குப் போட்டு வைத்திருந்த பிள்ளை இல்லை என்றாகிவிட, கதை மாறியது. இப்போது எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: மிஸ் என்ன பூசுகிறா?

பலரிடம் சிரித்து மழுப்பினாள். நஸ்ரினிடம் முடியவில்லை. நஸ்ரின் முன்பள்ளி ஆசிரியை, கூட்டாளி மாதிரி. முகத்தில் மங்கு இருப்பதால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து வந்து திரும்பிப் போகிறார்கள் என்று அழுதவள். அன்றைக்குக் கஜந்தியின் பையில் வெறுந்தாள் இருக்கவில்லை. கிளினிக் வரச் சொல்லிக் கொடுக்கும் துண்டுகளில் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதினாள்: 'ஏழாம் நம்பர். இரவில் மட்டும். மெல்லிசாக.' எழுதி முடித்ததும் பதினேழு வருடப் பழக்கத்தில் கை தானாகக் கீழே இறங்கி, சுருக்கொப்பம் வைத்து, திகதியும் போட்டது. திணைக்களத்தின் பெயர் அச்சடித்த தாள், மிஸ்ஸின் கையெழுத்து, மிஸ்ஸின் ஒப்பம். அது ஒரு மருந்துத் துண்டாகிவிட்டது என்பதை எழுதினவளும் கவனிக்கவில்லை, வாங்கினவளும் கவனிக்கவில்லை.

அடுத்த ஒரு வருடம் டப்பா மாறி டப்பா வாங்கினாள். ஏழாம் மாதமளவில் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் நூல் மாதிரித் தெரியத் தொடங்கின. நாடியில் பூனை மயிர் அடர்ந்தது. நாற்பது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருகிற மாதிரிப் பரு வந்தது. அடுப்புக்குக் கிட்டப் போனால் முகம் எரிந்தது. ஹெல்மெட் வார் பட்ட இடம் எரிந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலும் எரிந்தது. பயந்துபோய்க் கிறீமை நிறுத்தினாள். மூன்றாம் நாள் கண்ணிமை வீங்கி, முகம் முழுக்கச் சிவந்து, தோல் உரிந்தது. கண்ணாடியில் இருந்தது யாரோ. திரும்பவும் ஏழாம் நம்பரைப் பூசினாள். இரண்டு நாளில் எல்லாம் அடங்கியது. அப்படியானால் கிறீம் நல்லது, விட்டதுதான் பிழை என்று நினைத்தாள். இப்படி மூன்று தரம் விட்டு மூன்று தரம் பூசினாள். நான்காவது தரம் கிறீமுக்கும் அடங்கவில்லை. முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்காரனிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு, கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கு பஸ் ஏறினாள்.

தோல் டொக்டர் அவளுடைய வயதுடைய பெண். டப்பாவைத் திறந்து மணந்து பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூடி வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல ஏலாது, ஆனால் முகம் சொல்கிறது என்றார். கடுமையான ஸ்டீரொயிட் இருக்கிறது, வெளுக்கச் செய்யும் மருந்தும் இருக்கலாம், இப்படிப் பெயரில்லாத டப்பாக்கள் சிலதில் பாதரசமும் இருக்கும்.

"உங்களுக்கு இப்ப இருக்கிறது மங்கு இல்லை" என்றார் டொக்டர். "மங்குக்கு மேல நீங்களாப் போட்டுக்கொண்ட வருத்தம். முதல்ல இதைச் சுகப்படுத்துவம். மங்கைப் பிறகு பாப்பம்."

பிறகு நிதானமாக விளக்கினார். தோல் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது; விட்டால் எதிர்த்துக் கிளம்பும். அதனால் மெல்லிய மருந்து ஒன்றைத் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு கிழமைக்கு இரண்டு தரம் என்று இறங்கிவர வேண்டும். நடுவில் முகம் அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் பழைய டப்பாவைத் தேடினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேசிக்காய், ஸ்கிரப், வாசனைச் சவர்க்காரம் ஒன்றும் கிட்ட வரக்கூடாது. காலையில் இரண்டு விரல் நீளத்துக்கு வெயில் தடுக்கும் சன்கிறீம், வெளியில் நின்றால் மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பவும். ஹெல்மெட்டுக்குக் கறுப்புக் கண்ணாடி. கட்டுப்பாட்டுக் குளிசையை விட்டு வேறு முறைக்கு மாறுவது நல்லது. தோல் ஆறிய பிறகு மங்குக்கு மருந்து உண்டு, அதுவும் எண்ணி இத்தனை கிழமை என்று, பார்வையில்தான். அப்படியும் அது முற்றாகப் போகும் என்று சொல்ல ஏலாது. ஒரு வெயிலுக்குத் திரும்பி வரும்.

எழுந்திருக்கும்போது, அவள் பூசுவதைப் பார்த்து வேறு யாரும் இதைப் பூசுகிறார்களா என்று டொக்டர் கேட்டார். கஜந்திக்கு நஸ்ரினுடைய முகம் வந்தது. தெரியாது என்றாள். அந்தச் சொல் பாலம் தாண்டி வீடு வரைக்கும் அவளோடு பஸ்ஸில் வந்தது.

இரண்டு கிழமை போனது. முகம் டொக்டர் சொன்னபடியே அசிங்கமாக இருந்தது. கவசத்துக்குள் வைத்து வேலை பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பஸ்மியாவின் வீட்டுக்குப் போனாள். பஸ்மியாவுக்கு இருபத்துநான்கு வயது, முதல் பிள்ளை, ஏழாம் மாதம். புருஷன் கட்டாரில். மாமி நஜ்முன் நிஸாவோடு இருக்கிறாள். பிரஷர் பார்க்கக் குனிந்தபோதுதான் கஜந்தி அதைக் கவனித்தாள். நான்காம் மாதத்தில் இந்தப் பிள்ளையின் கன்னத்தில் நல்ல கறுப்பு இருந்தது. பெற்ற பிறகு மங்கிவிடும், பயப்படாதே என்று தானே சொன்னது ஞாபகம். இப்போது கறுப்பு இல்லை. கண்ணாடி போல மினுங்கியது. அந்த மினுக்கம் கஜந்திக்குத் தெரிந்த மினுக்கம்.

என்ன பூசுகிறாய் என்று கேட்டாள். பஸ்மியா சந்தோஷமாக எழும்பிப்போய் வெள்ளை டப்பாவைக் கொண்டுவந்தாள். தாய்மார் அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றையும் எடுத்தாள். போட்டோக்கொப்பி. கொப்பியின் கொப்பி போலிருந்தது, எழுத்து வெளிறியிருந்தது. ஒப்பம் மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"நீங்க எழுதின துண்டுதானே மிஸ்" என்றாள் பஸ்மியா. "அதுதான் பயமில்லாமப் பூசினன். வேற ஆரும் சொல்லியிருந்தா வயித்துல புள்ளையோட தொடுவனா?"

கஜந்தி அதை இன்றோடு விடச் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. டப்பாவையும் தாளையும் பைக்குள் போட்டுக்கொண்டு, அட்டையில் பிரஷரை எழுதி, வெளியே வந்துவிட்டாள். வாய்க்கால் மதகடியில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். பிரகலாதனுக்குப் போன் எடுத்து, பல்வலிக் கதையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு எழுதுவினைஞனாகப் பேசினான். மூலத்துண்டு நஸ்ரினிடம் இருக்கும், அதை வாங்கிக் கிழித்துப் போடு. மற்றவர்களிடம் கிறீம் கூடாதென்று பொதுவாகச் சொல்லு. நீ ஒருத்திக்குத்தானே எழுதினாய், ஊர் கொப்பி அடித்ததற்கு நீ பொறுப்பா? விசாரணை என்று வந்தால் பென்ஷன் வரைக்கும் இழுக்கும், பிள்ளைகள் இன்னும் படிக்கிறார்கள் என்றான். அவன் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

கஜந்தி மதகில் இருந்து யோசித்தாள். வெறுமனே விடச் சொன்னால் பஸ்மியா விடுவாள். மூன்றாம் நாள் முகம் வீங்கும். தோல் உரியும். பயந்துபோய்ப் பழைய டப்பாவைத் தேடுவாள், சந்தையில் புதிது கிடைக்கும், இரண்டு நாளில் அடங்கும். மிஸ் ஏதோ மனதில் வைத்துக்கொண்டு சொல்லுறா என்று நினைப்பாள். தான் மூன்று தரம் செய்ததை அவளும் செய்வாள், ஆனால் வயிற்றில் பிள்ளையோடு. விட்டால் என்ன வரும் என்று காட்டாமல் விடவைக்க ஏலாது. டொக்டரிடம் அனுப்பாமல் மருந்தைப் படிப்படியாக இறக்கவும் ஏலாது. டொக்டரிடம் அனுப்புவதென்றால் காரணம் எழுத வேண்டும். காரணத்துக்குக் கீழே அவளுடைய பெயர் இருக்கிறது. சுற்றிச் சுற்றி எங்கே வந்தாலும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

அரை மணித்தியாலத்தில் திரும்பிப் போனாள். நஜ்முன் நிஸா மீன் கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கஜந்தி கவசத்தைக் கழற்றி இரண்டு பேருக்கும் முகத்தைக் காட்டினாள். தான் பூசியது, எழுதியது, டொக்டர் சொன்னது, தெரியாது என்று தான் மழுப்பியது, எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். 

"அப்ப எங்கட புள்ளயில சோதிச்சுப் பாத்திருக்கீங்க" என்றார் நஜ்முன் நிஸா.

"இல்லை மாமி. என்னில சோதிச்சனான். அது உங்கட வீடு வரைக்கும் வந்திட்டுது."

"ரெண்டும் ஒண்டுதான்."

ஓம் என்றாள் கஜந்தி. பஸ்மியா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"புள்ளைக்கு ஒண்டும் வராதே மிஸ்?"

பதினேழு வருடத்தில் இந்தக் கேள்விக்கு ஆயிரம் தரம் ஒன்றும் வராது என்று பதில் சொல்லியிருக்கிறாள். சொன்னால் கேட்கிறவளின் தோள் நிம்மதியில் இறங்கும். அது அவளுக்குப் பிடித்த வேலை.

"எனக்குத் தெரியாது பிள்ளை. டொக்டர்தான் பாத்துச் சொல்லவேணும். நாளைக்கு நான் கூட வாறன்."

மறுநாள் காலை எட்டரைக்கு அவள் பிரிவின் மருத்துவ அதிகாரி முன்னால் நின்று, டப்பாவையும் போட்டோக்கொப்பியையும் மேசையில் வைத்தாள். அவர் ஒப்பத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுத்தில் விளக்கம் தரச் சொன்னார். அதற்கு முதல் பஸ்மியாவைத் திருகோணமலைக்கு அனுப்பும் கடிதத்தை எழுதினார். பெரியாஸ்பத்திரியில் சிறுநீர் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கான் பார்த்தார்கள். பிள்ளையின் வளர்ச்சி மாதத்துக்கு ஏற்றபடி இருந்தது. அடிக்கடி வரச் சொன்னார்கள். தோல் டொக்டர் கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்தை மட்டும் எழுதி, இறங்கும் முறையைச் சொன்னார். கஜந்தியை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு, கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு துண்டின் பின்னால் போனாள். நஸ்ரினிடம் தொடங்கியது. நஸ்ரின் அதைத் தன் மைத்துனிக்குக் கொடுத்திருந்தாள். மைத்துனி கொமினிகேஷன் கடையில் ஐந்து கொப்பி அடித்திருந்தாள். அந்த ஐந்தும் குட்டி போட்டிருந்தன. பதினொரு வீடு. ஒன்பது நாள் எடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் கவசத்தைக் கழற்றி, அதே கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். சிலர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். ஒருத்தி, உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, எனக்கு நல்லாத்தானே இருக்கு என்று கதவைச் சாத்தினாள். அவளிடம் நான்கு தரம் போக வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்காரன், அரசாங்கச் சம்பளம் எடுத்துக்கொண்டு கிறீம் யாவாரமா என்று தெருவுக்குக் கேட்கக் கேட்டான். இராசமலர் என்கிற கடைக்காரப் பெண் மட்டும் சிரித்து, இப்பவாவது மிஸ்ஸுக்கும் எங்களைப் போல முகம் வந்துதே என்று தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நஸ்ரினோடு அதற்குப் பிறகு பழைய கதைபேச்சு இல்லை.

கடைசியாக அலியாரிடம் போனாள். சுகாதாரப் பரிசோதகர் வருவார் என்று சொன்னதும் அவர் உண்மையாகவே திகைத்துப்போனார். "நீங்கதானே மிஸ் துண்டு எழுதி எழுதி ஆக்களை அனுப்பினீங்க" என்றார். "உங்களுக்கு ஒரு கொமிஷன் தரவேணும் எண்டுகூட நினைச்சிருந்தன்." அவள் வாழ்க்கையில் கேட்ட சொற்களில் நெஞ்சில் இறங்கி நின்றது அதுதான்.

பஸ்மியாவின் முகம் எட்டாம் மாதத்தில் நன்றாகக் கிளம்பியது. இமை வீங்கி, கன்னம் எரிந்து, கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். மிஸ் காட்டின மாதிரியேதான் வருகிறது என்று போனில் சொன்னாள். முன்னமே பார்த்தபடியால் அவ்வளவு பயமில்லை என்றும் சொன்னாள். மாமிக்குத் தெரியாமல் எடுத்த போன் அது. நஜ்முன் நிஸா அதற்கிடையில் ஒபிஸுக்குப் போய், இந்த மிஸ் வேண்டாம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

கஜந்திக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. பிரிவிலிருந்து தூக்கவில்லை, தூக்கினால் போட ஆளில்லை என்பதும் ஒரு காரணம். பிரகலாதன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்து மடித்து வைத்தான். முகத்தைப் பற்றி அவன் பகிடி விடுவதை நிறுத்தியிருந்தான். அவளுக்கு அது குறையாகத்தான் இருந்தது. எரிவு குறையக் குறைய, தோல் ஆற ஆற, பழைய கறுப்பு அதே இடங்களில் மெதுவாகத் தலைகாட்டியது. தோல் டொக்டர் அதைப் பார்த்து, நல்ல அறிகுறி, இப்ப மங்குக்கு வைத்தியம் தொடங்கலாம் என்றார். பரிசோதனைக்கென்று கொழும்புக்கு அனுப்பிய டப்பாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

பஸ்மியாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கஜந்தி தராசோடு போனாள். போகத்தான் வேண்டும், அது வேலை. வாசலில் கதிரை இருக்கவில்லை. படியில் நின்று ஸலாம் சொல்லிக் கூப்பிட்டாள். நஜ்முன் நிஸா பிள்ளையைத் துணியோடு நெஞ்சில் அணைத்தபடி வந்து நிலைக்கு உள்ளே நின்றார்.

"வேற ஆளை அனுப்பச் சொன்னன். அனுப்பல்ல."

"வேற ஆள் இல்லை மாமி."

"முகத்துல என்ன பூசியிருக்கீங்க?"

சன்கிறீம் என்றாள். பையிலிருந்து குழாயை எடுத்து, அதில் அச்சடித்த பெயரையும் திகதியையும் காட்டி, டொக்டர் எழுதிய துண்டையும் நீட்டினாள். நஜ்முன் நிஸா ஒவ்வொன்றாக வாங்கி, தூரத்தில் பிடித்து வாசித்தார். நேரம் எடுத்து வாசித்தார். உள்ளேயிருந்து பஸ்மியா, மாமி, மிஸ்ஸ உள்ள விடுங்க என்று சொல்வது கேட்டது.

"கையைக் கழுவிட்டு வாங்க" என்றார் நஜ்முன் நிஸா.

அவள் வரும்போதே கழுவிக்கொண்டுதான் வந்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. கிணற்றடிக்குப் போய், சவர்க்காரம் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவி, ஈரக் கையை உயர்த்திப் பிடித்தபடி வந்தாள். நஜ்முன் நிஸா இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தார். தராசில் இரண்டு கிலோ எண்ணூற்று நாற்பது. கஜந்தி சத்தமாக வாசித்தாள். நஜ்முன் நிஸா தானும் குனிந்து முள்ளைப் பார்த்து, சரிதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.